கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் ஷியாட்சு: கொழும்பில் வாழும் ஒரு தாய்க்கு விரிவான பதில்

வெள்ளவத்தையில் வசிக்கும் நீங்கள் முதற் பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறீர்கள். இப்போது ஏழாம் மாதம். கிளினிக்கில் பார்த்த பிரஷர், சீனி, ஸ்கேன் எல்லாம் ஒழுங்காக உள்ளன. லண்டனில் இருக்கும் மச்சாள் தன்னுடைய பிரசவத்துக்கு ஷியாட்சு பேருதவியாக இருந்தது என்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருக்கும் அம்மாவோ பிள்ளைத்தாய்ச்சியின் உடம்பை ஒருவரும் அமுக்கவே கூடாது என்கிறார். செய்யலாமா, செய்தால் என்ன பயன், நாள் கடந்தால் வலியை வரவழைக்க உதவுமா, கொழும்பில் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரசவ விடுதியில் தாதியாக வேலை செய்து, பிற்பாடு ஷியாட்சு கற்று, இன்றுவரை கர்ப்பிணிகளுக்கு அதைச் செய்துவருகிறவள் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பத்தில், உங்களைப் பார்க்கும் வைத்தியருக்குத் தெரியப்படுத்திவிட்டு, பயிற்சி பெற்ற கையால் செய்யப்படும் ஷியாட்சுவைப் பெற்றுக்கொள்ளலாம். இடுப்பு நோவுக்கும் நித்திரைக்கும் பிரசவ வலியைத் தாங்குவதற்கும் அது துணை செய்யும். ஆனால், நீங்கள் மாதாமாதம் ஒருவரிடம் போய்ப் படுத்து எழும்பி வருவதைவிட, பிரசவ அறையில் உங்கள் அருகில் நிற்கப் போகிறவர் ஓரிரு பிடிகளை முறையாகக் கற்றுக்கொள்வதே பல மடங்கு பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பதில் முழுவதும் அதை நோக்கியே செல்லும்.

ஷியாட்சு ஜப்பானில் உருவான அழுத்தச் சிகிச்சை. எண்ணெய் பூசுவதில்லை; உடுப்பைக் களைய வேண்டியதில்லை; தளர்வான பருத்தி உடுப்போடு, தரையில் விரித்த மெத்தையில் படுத்துக்கொண்டே பெற்றுக்கொள்ளலாம். அழுத்துகிறவர் தன் தசைப் பலத்தைப் பயன்படுத்துவதில்லை. உள்ளங்கையையோ பெருவிரலையோ வைத்து, உடற்பாரத்தை மெல்லச் சாய்த்து, சில விநாடிகள் அப்படியே நிறுத்தி, பின்னர் மெல்ல எடுக்கிறார். நம்மூர் எண்ணெய்த் தேய்ப்பில் இருப்பதுபோல உருவுதலும் பிசைதலும் இதில் மிகக் குறைவு. நமிகோஷி தொகுஜிரோ என்பவர் 1940இல் தோக்கியோவில் இதற்கென ஒரு பாடசாலையை நிறுவினார். 1964இல் ஜப்பானிய அரசு இதைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. பின்னர் வந்த மசுநாகா ஷிசுதோ, உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் கருதும் ஆற்றல் பாதைகளை இதனோடு இணைத்து விரிவுபடுத்தினார். உங்கள் மச்சாள் லண்டனில் பெற்றது பெரும்பாலும் இவருடைய வழியில் வந்ததாகவே இருக்கும்.

அந்த ஆற்றல் பாதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வைத்தியர் அன்ரன் ஜயசூரிய களுபோவிலை வைத்தியசாலையில் நடத்திய, ஊசி குத்திச் செய்யும் அக்குபங்சர் சிகிச்சையின் காரணமாகக் கொழும்பில் பலருக்கு அந்தப் புள்ளிகளும் பாதைகளும் ஓரளவு பழக்கமானவை. கையை எங்கே வைப்பது என்று சொல்ல அந்தப் பெயர்கள் எனக்கும் வசதியாக இருக்கின்றன. ஆனால், உடலை வெட்டிப் பார்த்து இதோ பாதை என்று எவரும் காட்டியதில்லை. ஆகவே, உங்கள் சிறுநீரகப் பாதையில் ஆற்றல் குறைந்துவிட்டது என்று சொல்லிப் பயமுறுத்துகிறவரை நீங்கள் நம்பத் தேவையில்லை. அழுத்தம் ஏன் இதம் தருகிறது என்பதற்கு நரம்பியலில் ஓரளவு தெளிவான விளக்கம் உண்டு. தொடுகையையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, வலியைச் சொல்லும் மெல்லிய இழைகளின் செய்தி முதுகுத்தண்டிலேயே தணிக்கப்படுகிறது என்ற கருத்தை மெல்சாக், வோல் என்ற இருவர் 1965இல் முன்வைத்தார்கள். குழந்தை விழுந்து அடிபட்டவுடன் தாய் அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது இதனாலேயே பலிக்கிறது. பிரசவத்தில் இன்னொன்றும் சேர்கிறது: பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் சுருக்கத்தைத் தடைப்படுத்தக்கூடியது, பழகிய கையின் தொடுகை அந்தப் பயத்தைக் குறைக்கிறது.

இனி அம்மாவின் எச்சரிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. முதல் 3 மாதங்களில் நான் பொதுவாகக் கை வைப்பதில்லை. கர்ப்பம் என்று உறுதியானவற்றிலேயே 100க்கு 10 முதல் 20 வரை இயல்பாகக் கலைந்துவிடுகின்றன; பெரும்பாலும் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறே. ஆனால், அந்த வாரத்தில் ஒருவர் கை வைத்திருந்தால், அன்று அமுக்கியதால்தான் இப்படி ஆயிற்று என்ற எண்ணம் அந்தப் பெண்ணை ஆயுள் முழுக்க வாட்டும். அந்தச் சுமையை ஒருவர் மேல் ஏற்றக்கூடிய எதையும் செய்யாதிருப்பதே நல்லது. குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்புறத்தில், மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு நாண்களுக்கிடையே அழுத்துவது மட்டும் இதற்கு விலக்கு. அதை யாரும் தாமே செய்துகொள்ளலாம். பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலும், மிதமானது முதல் கடுமையானது வரையான குமட்டலுக்கு மருந்தோடு சேர்த்து இதைக் கவனத்தில் கொள்ளலாம் என்கிறது. உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது.

ஏழாம் மாதத்தில் தவிர்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. தோளின் உச்சியில் கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவே உள்ள மேடு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை, உட்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே எலும்பின் பின்னோரம், வெளிக்கணுக்காலுக்குப் பின்னுள்ள பள்ளம், சின்னக் கால்விரலின் வெளி ஓரம், திரிக எலும்பின் (முள்ளந்தண்டின் அடியில், புட்டங்களுக்குச் சற்று மேலே உள்ள தட்டையான எலும்பு) குழிகள், அடிவயிறு ஆகியவற்றைச் சீன, ஜப்பானிய மரபு பிரசவத்தைத் தூண்டும் இடங்களாகக் கருதுகிறது. இவற்றை அழுத்தியதால் குறைமாதப் பிரசவம் நேர்ந்தது என்பதை ஆய்வுகள் நிறுவவில்லை. தற்செயலாக ஒருமுறை கை பட்டுவிட்டதென்று நீங்கள் கலங்க வேண்டாம். எனினும் 37 வாரம் நிறையும்வரை அவற்றை ஆழமாக அழுத்தாமல் விடுவதால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை.

மரபு சொல்வதைவிட உடற்கூறு சொல்லும் எச்சரிக்கைகளே எனக்கு முக்கியமானவை. கர்ப்பத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது; கால் நாளங்களில் இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து ஏனைய காலத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே கெண்டைச் சதையையும் தொடையின் உட்புறத்தையும் ஆழமாக அழுத்தக் கூடாது. புடைத்த நாளங்களின் மேல் கையே வைக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, நோவெடுத்தால் யாரையும் அமுக்க விடாமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்தது படுக்கும் நிலை. ஏறத்தாழ 20 வாரத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருநாளத்தை நசுக்கும். தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். உங்களைக் குப்புறவோ நீண்ட நேரம் மல்லாந்தோ படுக்கச் சொல்கிறவர் கர்ப்பிணிகளைப் பற்றிப் படிக்காதவர் என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இரத்தக் கசிவு, நச்சுக்கொடி கீழிறங்கிய நிலை, பிரஷர் ஏற்றம், கருப்பை வாயில் தையல், முன்பு குறைமாதத்தில் பிள்ளை பெற்ற வரலாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், வைத்தியர் சம்மதித்தால் ஒழிய ஷியாட்சு வேண்டாம். காய்ச்சல் என்றாலும் வேண்டாம். கொழும்பில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் உடனேயே டெங்கு என்ற சந்தேகத்தோடு இரத்தப் பரிசோதனை செய்வதுதான் முறை. கடும் தலையிடி, கண் மங்குதல், மேல் வயிற்று நோ, திடீரென முகமும் கையும் வீங்குதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், பன்னீர்க்குடம் உடைதல் என்பவை நேர்ந்தால் எந்தப் புள்ளியை அழுத்துவது என்று யோசிக்கக்கூட வேண்டாம். அந்த நேரத்தில் வாகனம் பிடிப்பதே வேலை.

இவை எதுவும் இல்லாத உங்களுக்கு இப்போது பெரிதும் பயன்படக்கூடியது முதுகுக்கும் இடுப்புக்குமான ஷியாட்சு. ஹோர்மோன்களால் இடுப்பு மூட்டுகளின் எலும்புகளைப் பிணைக்கும் இணையங்கள் தளர்கின்றன; வயிறு முன்னே தள்ளத் தள்ளக் கீழ் முதுகு உள்வாங்குகிறது; முதுகின் தசைகள் நாள் முழுக்க அந்தப் பாரத்தை இழுத்துப் பிடிக்கின்றன. இரவில் கணவர் செய்யக்கூடிய ஒரு பிடியை எழுதுகிறேன். இடப்பக்கம் சரிந்து படுங்கள். தலைக்கு ஒரு தலையணை. வயிற்றின் கீழே மடித்த துவாய். மேலிருக்கும் வலது காலை மடித்து இரண்டு தலையணைகளின் மேல் வையுங்கள். முழங்காலும் கணுக்காலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், முழங்கால் கீழே சரிந்தால் இடுப்பு முறுகிவிடும். கணவர் உங்கள் முதுகுப் புறமாக முழந்தாளிட்டு, ஒரு கையை உங்கள் இடுப்பெலும்பின் மேல் அசையாமல் வைக்கட்டும். மற்ற உள்ளங்கையைத் தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில், முள்ளந்தண்டு எலும்பின் மேல் படாமல் அதன் பக்கத்துத் தசையில் வைத்து, நீங்கள் மூச்சை விடும்போது மெல்லச் சாய வேண்டும். ஐந்து விநாடி நிறுத்தி, நீங்கள் மூச்சை இழுக்கும்போது பாரத்தை எடுத்து, ஒரு கையகலம் கீழே நகர வேண்டும். இடுப்புக்கு வந்ததும் நிறுத்தி, திரிக எலும்பின் மேல் கையை அழுத்தாமல் வெறுமனே ஒரு நிமிடம் வைத்திருக்கலாம். இரண்டு மூன்று தடவை இப்படி மேலிருந்து கீழே வந்தபின், புட்டத்தின் பக்கவாட்டில் இயல்பாகவே அமையும் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்தால், நடக்கும்போது காலுக்கு இழுக்கும் அந்த நோ பலருக்கும் விட்டுக்கொடுக்கும்.

அளவு எப்படித் தெரியும் என்று கணவர் கேட்பார். நீங்கள் முகம் சுளித்தால், மூச்சைப் பிடித்தால், கால்விரல்களை மடக்கினால் அழுத்தம் கூடிவிட்டது. நீங்கள் வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. இடுப்பெலும்பின் மேல் அசையாமல் இருக்கும் அந்த மற்றக் கைதான் இதை உணரும். கற்றுக்கொடுக்கும்போது ஆண்கள் பெரும்பாலும் அழுத்துகிற கையில் மட்டும் கவனம் வைப்பார்கள். மற்றக் கை தொலைபேசியைத் தேடிப் போய்விடும். அந்தக் கையை எடுத்தால் பாதிச் சிகிச்சை போய்விட்டது என்று நான் கண்டிப்பாகச் சொல்வதுண்டு.

நாள் கடந்தால் வலியை வரவழைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. 37 வாரத்துக்கு முன் முயலவே கூடாது. அதன் பின்னரும் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். அக்குபங்சராலும் அழுத்தத்தாலும் பிரசவத்தைத் தூண்டுவது குறித்து 22 ஆய்வுகளையும் ஏறத்தாழ 3,500 பெண்களையும் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, 2017இல், சிசேரியன் குறைவதாகத் தெளிவான சான்று இல்லை என்று முடித்தது. அக்குபங்சர் ஊசியால் கருப்பை வாய் சற்றுக் கனிந்ததற்கு மட்டும் ஓரளவு சான்று கிடைத்தது. பிரிஸ்டலில் மருத்துவமாதர் நாள் கடந்த தாய்மாருக்கு ஷியாட்சுவைக் கற்றுக்கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு, 2005இல், அவர்களில் கூடுதலானோருக்குத் தானாகவே வலி கண்டது என்றது. ஆனால் அது சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வன்று. ஆகவே நாள் நெருங்கியபின் தோளையும் இடுப்பையும் அழுத்தி மனம் தளர்ந்திருப்பதில் தவறில்லை; மருந்து கொடுத்து வலியை வரவழைப்பதா, எப்போது என்ற முடிவை உங்கள் வைத்திய நிபுணரிடம் விட்டுவிடுங்கள். எந்தப் புள்ளியையும் நம்பி அவர் குறித்த திகதியைத் தள்ளிப் போட வேண்டாம்.

பிரசவ வலி நேரம்தான் ஷியாட்சு தன் முழுப் பயனையும் காட்டும் இடம். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டலில், வலி தணிக்கக் கேட்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு மசாஜ், சூட்டு ஒத்தடம் போன்ற கைமுறைகளைப் பரிந்துரைக்கிறது. பெண் விரும்பும் துணை ஒருவர் பக்கத்தில் இருப்பதையும் அதே ஆவணம் பரிந்துரைக்கிறது. பிரசவ வலிக்கான அக்குபங்சரையும் அழுத்தத்தையும் பற்றிய 28 ஆய்வுகளை, 3,960 பெண்களை, மீளாய்வு செய்த கொக்ரேன் குழு, அழுத்தம் வலியின் கடுமையைக் குறைக்கக்கூடும் என்றும், போலியான இடங்களில் அழுத்தியதோடு ஒப்பிட்டால் சிசேரியன் தேவையையும் குறைக்கக்கூடும் என்றும் 2020இல் எழுதியது. வலி குறித்த சான்றின் தரம் பல ஒப்பீடுகளில் மிகக் குறைவு என்பதையும் அதே குழு மறைக்கவில்லை.

எனக்கு அதைவிட அர்த்தமுள்ளதாகப் படுவது 2016இல் வெளிவந்த சிட்னி ஆய்வு. முதற் பிள்ளையை எதிர்பார்த்த 176 பெண்களில் ஒரு பிரிவினருக்கு, பிரசவத்துக்கு முன்னரே, துணைக்கு வருபவரையும் கூட்டி வைத்து, அழுத்தப் புள்ளிகள், மூச்சுப் பயிற்சி, மசாஜ், யோகாசன நிலைகள், மனக்காட்சி ஆகியவை கற்பிக்கப்பட்டன. வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 68.7 வீதமானோர் எபிடியூரல், அதாவது முதுகில் ஊசி வழியே மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரக்கச்செய்யும் வலிநிவாரணம், பெற்றார்கள். பயிற்சி பெற்றவர்களில் 23.9 வீதமானோரே அதைப் பெற்றார்கள். சிசேரியன் வழமையான பராமரிப்புப் பிரிவில் 32.5 வீதமாகவும், பயிற்சி பெற்றவர்களில் 18.2 வீதமாகவும் இருந்தது. இதில் அழுத்தம் எவ்வளவு, மூச்சு எவ்வளவு, துணையின் தைரியம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனால் அங்கே அழுத்தியது வெளியிலிருந்து வந்த நிபுணர் அல்லர், வீட்டிலிருந்து வந்த துணைவரே என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு பிடியை மட்டும் கற்க நேரமிருந்தால் எதைக் கற்பது என்று கேட்டால், திரிக எலும்பின் மேல் தரும் எதிரழுத்தத்தையே சொல்வேன். முன்பு தவிர்க்கச் சொன்ன அதே இடம், வலி கண்டபின் மிகச் சிறந்த இடமாகிறது. இரண்டு புட்டங்களும் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே, தலைகீழான முக்கோணமாகக் கைக்கு அகப்படும் தட்டையான எலும்பு அது. பிள்ளையின் பிடரி தாயின் முதுகுப் புறம் திரும்பியிருந்தால் வலி முழுவதும் அங்கேயே குவியும். நீங்கள் கட்டிலின் ஓரத்தைப் பிடித்து முன்னே குனிந்து நில்லுங்கள், அல்லது கதிரையில் பின்புறம் திரும்பி அமர்ந்து அதன் சாய்வைக் கட்டிக்கொள்ளுங்கள். துணை உங்கள் பின்னால் ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து நின்று, உள்ளங்கையின் அடிப்பகுதியை அந்த எலும்பில் பொருத்தி, முழங்கையை நேராக வைத்து, வலி எழும்பத் தொடங்கும்போதே சாய வேண்டும். உச்சத்தில் பாரத்தைக் கூட்டி, இறங்கும்போது தானும் மெல்ல இறக்க வேண்டும். திடீரென்று கையை எடுத்தால் வலி குத்திக்கொண்டு வரும். தோள்களால் தள்ளினால் கால் மணி நேரத்தில் களைத்துவிடுவார்; இடுப்பிலிருந்து சாய்ந்தால் மணிக்கணக்காகச் செய்யலாம். வலிக்கும் வலிக்கும் இடையே அழுத்தமில்லாமல் கையை அங்கேயே விட்டுவைத்து, மற்றக் கையால் தோளை இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் வலியில் எல்லாருக்கும் தோள் காது வரை ஏறிவிடும்.

நடக்கவோ குனியவோ முடியாத நிலையும் வரலாம். சேலைன் ஏறிக்கொண்டிருக்கும், பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் பட்டி வயிற்றில் கட்டியிருக்கும். அப்போது உட்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலுள்ள புள்ளியையும், கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையையும், உள்ளங்காலையும் வலி வரும்போது அழுத்தலாம். எபிடியூரல் போட்டிருந்தால், மரத்துப்போன இடத்தில் பலமாக அழுத்தவோ சூட்டு ஒத்தடம் வைக்கவோ கூடாது. காயப்பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. முக்குவதற்குச் சற்று முன்பான கட்டத்தில், அதுவரை அழுத்து அழுத்து என்று கெஞ்சியவர்கள்கூடக் கையைத் தட்டிவிடுவதுண்டு. துணைக்கு வருபவர் மனம் கோணாமல் விலகி நிற்க வேண்டும். அம்மாமாருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இப்போது கொழும்பின் நடைமுறை. டி சொய்சா, காசல் வீதி போன்ற அரச மகப்பேற்று வைத்தியசாலைகளிலும் ஏனைய அரச வைத்தியசாலைகளிலும் பிரசவத் துணையை அனுமதிக்கும் விதம் விடுதிக்கு விடுதி மாறும். பல இடங்களில் பெண் துணைக்கு மட்டுமே இடம் தருவார்கள், நெருக்கடியான நாளில் அதுவும் கிடைக்காது போகலாம். தனியார் வைத்தியசாலைகளில் பெரும்பாலும் கணவர் உள்ளே வரலாம். ஆகவே உங்கள் அடுத்த கிளினிக் நாளிலேயே, யார் வரலாம், எந்தக் கட்டத்தில் வரலாம், வலியின்போது நிற்கவும் குனியவும் விடுவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலை என்றால் எதிரழுத்தத்தைக் கற்க வேண்டியவர் கணவரைவிட முதலில் உங்கள் அம்மா. அமுக்கவே கூடாது என்று சொன்ன அதே அம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதில் ஒரு நன்மை உண்டு. எங்கே அழுத்தக் கூடாது என்பதில் அவரைப்போலக் கவனமாக இருப்பவர் கிடைக்கமாட்டார். அம்மாவுக்குச் சிங்களம் வராதென்றால், தாதிமாரோடும் மருத்துவமாதோடும் பேசக்கூடிய அக்காவோ மச்சாளோ துணைக்கு நிற்பது அழுத்தத்தைவிட உதவியாக இருக்கும் நேரமும் உண்டு. இருவரும் கற்று வைத்திருங்கள். உள்ளே போனதும், முதுகை அழுத்திவிடப் போகிறோம் என்று தாதியிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பரிசோதனைக்கு வந்தால் உடனே விலகுங்கள். வேலைக்கு இடைஞ்சல் இல்லாத துணையை எந்த விடுதியும் விரும்பும்.

யாரிடம் போவது என்பதற்குப் பெயர் சொல்லும் முறை எனக்கில்லை. தெரிவு செய்யும் முறையைச் சொல்கிறேன். காலி வீதி நெடுகிலும் ஸ்பாக்கள் இருக்கின்றன, சிலவற்றின் பலகையில் ஷியாட்சு என்ற பெயரும் இருக்கும்; அந்தப் பெயர் கர்ப்பிணிகளைக் கையாளும் பயிற்சிக்குச் சான்று ஆகாது. எங்கே, எவ்வளவு காலம் கற்றார், கர்ப்பிணிகளுக்கென்று தனியாகக் கற்றாரா என்று கேளுங்கள். உங்கள் கர்ப்பிணிப் பதிவேட்டைப் பார்க்கவேண்டும் என்று அவரே கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவர் எனக்கு நம்பிக்கை தரமாட்டார். பிள்ளையின் நிலையை மாற்றித் தருவேன், சுகப்பிரசவம் நிச்சயம் என்று உறுதி கூறுகிறவரை விட்டு விலகுங்கள். 34ஆம் வாரமளவில் அம்மாவோடும் கணவரோடும் ஒருமுறையும், 37இல் மறுமுறையும் போய், அவர்கள் கையாலேயே செய்யவைத்துத் திருத்தம் பெற்றால் போதும்.

பிள்ளை பிறந்தபின் தாய்க்குத் தேவையானது பெரும்பாலும் கழுத்தும் தோளும்தான். பால் கொடுக்கக் குனிந்து குனிந்து அங்கே இறுகிப்போகும். கதிரையில் அமர்த்தி, பின்னால் நின்று, இரு முன்கைகளையும் தோள்களின் மேல் வைத்துச் சாய்ந்தால் சில நிமிடத்தில் இளகும். இரத்தம் உறையும் ஆபத்து பிரசவத்துக்குப் பின்னான 6 வாரங்களிலும் மிக அதிகம் என்பதால் கால்களைப் பற்றிய எச்சரிக்கை அப்படியே நீடிக்கும். சிசேரியன் என்றால் வயிற்றில் கை வைக்க வேண்டாம்; காயம் ஆறும்வரை வேது தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வயிற்றில் அடித்து ஊற்றுவதும் துணியால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே பேசிவையுங்கள். சரக்கு அரைத்த கறியும் பத்தியமும் வழமைபோலத் தொடரட்டும். ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுவதும் நனையுமளவு இரத்தம் போனால், அல்லது மனச்சோர்வும் அழுகையும் 2 வாரத்தைத் தாண்டினால், மறைக்காமல் வைத்தியருக்கோ வீட்டுக்கு வரும் மருத்துவமாதுக்கோ சொல்லுங்கள்.

குழந்தைக்குப் புள்ளி அழுத்தம் எதுவும் தேவையில்லை. உள்ளங்கை முழுவதையும் முதுகில் பொருத்தி வைப்பதும், தலையிலிருந்து இடுப்பு வரை ஆறுதலாகத் தடவுவதுமே போதும். மெல்லிய தொடுகையை இன்பமாக உணரும் தோல் நரம்புகள், விநாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்தில் தடவும்போது நன்கு பதிலளிக்கின்றன. தாய்மாரின் கை இயல்பாகவே அந்த வேகத்தில் போகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம், 10 நாள் மிதமான அழுத்தத்தோடு தடவியபோது அவர்களின் தினசரி எடை அதிகரிப்பு மற்றவர்களைவிட 47 வீதம் கூடியிருந்ததாக அமெரிக்காவில் ரிஃபனி ஃபீல்ட் குழுவினர் 1986இல் காட்டினார்கள். குழந்தை உங்கள் கண்ணைப் பார்த்து, கைகாலை நீட்டி விளையாடும் நேரத்தில் செய்யுங்கள். முகத்தைத் திருப்பினால், விக்கினால், முதுகை வில்லாக வளைத்தால் நிறுத்துங்கள். குளிக்கவார்க்கும்போது மூக்கைப் பிடித்து உருவுவது, மார்பைப் பிதுக்குவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, கைகாலைக் குறுக்காக இழுத்து முறிப்பது ஆகிய பழக்கங்களை, யார் சொன்னாலும், அனுமதிக்க வேண்டாம். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸை எட்டினாலோ, பால் குடிப்பதை விட்டுச் சோர்ந்து கிடந்தாலோ, தடவிப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.